உப்புக்காற்று ஊரில் மீன்தொட்டிச் செடிகளுக்குக் கரியமில வாயு

மீன்தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் எப்படியும் ஒரு கட்டத்தில் கரியமில வாயுவைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். விசாரித்தால் கிடைக்கும் வழிமுறைகளில் பெரும்பாலானவை, வீட்டுக்குள் வெப்பம் 22 டிகிரியைத் தாண்டாத, குழாயைத் திறந்தால் மென்னீர் வரும் ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தில் எழுதியவை. அவற்றை எங்கள் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களான தேவிபட்டினத்திலோ கீழக்கரையிலோ மண்டபத்திலோ ஒரு வீட்டில் எழுத்துப் பிசகாமல் செய்து பார்த்தால், செடி தழைப்பதற்கு முன்பே மீன் மிதந்துவிடும். நம் ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையும் நம் வெயிலும் அந்தக் கணக்குகளை மாற்றிவிடுகின்றன. எப்படி மாற்றுகின்றன, அதற்கேற்ப நாம் எதைச் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

முதலில், செடிக்கு ஏன் இது வேண்டும் என்று பார்த்துவிடலாம். ஒரு செடியை நன்றாகக் காயவைத்து எடை போட்டால், அந்த எடையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் கார்பன்தான். நிலத்துச் செடி அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராமைச் சற்றே தாண்டிய அளவுக்குத்தான் கரியமில வாயு கரைந்திருக்கும். அதுவும் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் இருந்த வாயு தீர்ந்துபோனால், அடுத்தது வந்து சேரும்வரை இலை வெளிச்சத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். வாயு சேர்க்கிறவர்கள் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை கொண்டுபோக முயல்வதும், தொட்டிக்குள் நீர் எல்லா மூலைக்கும் சுற்றிவர வேண்டும் என்று வற்புறுத்துவதும் இதனால்தான்.

பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் வயல்போலப் பரந்து கிடக்கிறதே, அங்கே யார் சிலிண்டர் வைத்து வாயு விடுகிறார்கள் என்று என் மைத்துனர் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. கடல்நீரின் பிஹெச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண் (7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்), 8.1 அளவில் இருக்கிறது. அந்த நிலையில் நீரில் உள்ள கனிமக் கார்பனில் வாயுவாகக் கரைந்திருப்பது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது, பெரும்பகுதி பைகார்பனேட் என்ற கரைந்த உப்பு வடிவில் இருக்கிறது. கடற்புல்லுக்கு அந்தப் பைகார்பனேட்டை எடுத்துப் பயன்படுத்தும் திறன் உண்டு. நன்னீரில் வேலம்பாசிக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் அதே திறன் இருக்கிறது. கடின நீரில் அவை மளமளவென்று வளர்வதற்கு அதுவே காரணம். ஆனால் கடையில் நாம் ஆசைப்பட்டு வாங்கும் ரொட்டாலா, லட்விஜியா, ஹைக்ரோஃபிலா போன்றவற்றில் பல, ஆண்டின் ஒரு பகுதியை நீருக்கு மேலே இலை நீட்டிக் கழிக்கும் சதுப்புநிலச் செடிகள். நம் கண்மாய்க் கரைகளில் முளைக்கும் நீர்முள்ளியும் ஹைக்ரோஃபிலா பேரினத்தைச் சேர்ந்ததுதான். இவற்றை முழுக்க நீருக்குள் அடைத்து வைக்கிறவர்கள்தான் கார்பனுக்கு வேறு வழி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. கபோம்பாவும் மாஸ் எனப்படும் பாசிச்செடிகளும் பைகார்பனேட்டைத் தொடுவதே இல்லை. அவற்றுக்குக் கரைந்த வாயு மட்டுமே உணவு. ஆகவே வாலிஸ்னேரியாவும் வேலம்பாசியும் மட்டும் போதும் என்கிறவர்கள் சிலிண்டர் வாங்கும் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இனி நீரின் கதை. கார்பனேட் கடினத்தன்மையைக் கேஹெச் என்கிறார்கள். அதில் ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். இந்தக் கேஹெச், பிஹெச், கரைந்த கரியமில வாயு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கணக்கிட்டுவிடலாம்: பிஹெச் 7-இல் இருந்தால் கேஹெச்சை 3-ஆல் பெருக்கினால் வருவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வாயு என்பதாகும், பிஹெச் 7-இலிருந்து ஒரு புள்ளி குறைந்தால் அது பத்து மடங்காகும், ஒரு புள்ளி கூடினால் பத்தில் ஒன்றாகும். கேஹெச் 4 உள்ள மென்னீரில் பிஹெச் 6.6-க்கு இறங்கும்போது வாயு 30 மில்லிகிராமாக இருக்கும். அதனால்தான் பல கட்டுரைகளில் 6.6 என்ற எண் வேதவாக்குபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் கேஹெச் 16. இந்த நீரில் பிஹெச் 7.2-ஐத் தொடும்போதே வாயு 30 மில்லிகிராமை எட்டிவிடுகிறது. இன்னும் காரமாகத்தானே இருக்கிறது என்று எண்ணி 6.6 வரை வாயுவைத் திறந்துகொண்டே போனால், தொட்டியில் லிட்டருக்கு 120 மில்லிகிராம் சேர்ந்திருக்கும். அதைத் தாங்கும் மீன் நம் கடைகளில் விற்பதில்லை. நம் பக்கத்தில் வாயு வைத்த முதல் வாரத்திலேயே மீன் இறந்தது என்று கேள்விப்படும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது அவர்கள் எந்த பிஹெச்சைக் குறிவைத்தார்கள் என்பதைத்தான்.

பிஹெச் இறங்குவது வாயு கரைந்ததன் விளைவே தவிர, அது நம் குறிக்கோள் அல்ல. பிஹெச்சைத் தனியாக அமிலம் ஊற்றி இறக்குவதால் செடிக்கு நிலையான ஆதாயம் எதுவும் இல்லை.

கடினத்தன்மை கிணற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. கடற்கரையில் வசிப்பவர்களுக்குச் சிப்பியும் சங்கும் கிளிஞ்சல் கலந்த மணலும் இலவசமாகக் கிடைப்பதால், தொட்டியை அழகுபடுத்த அவற்றைப் போடுவது இங்கே வழக்கமாகவே இருக்கிறது. வாயு சேர்க்காத தொட்டியில் அவை மெதுவாகத்தான் கரையும். வாயு சேர்த்துவிட்டால், நீரில் உருவாகும் கார்பானிக் அமிலம் சிப்பியில் உள்ள கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட் ஆக்குகிறது. 100 கிராம் சிப்பி கரைவதற்கு 44 கிராம் வாயு செலவாகிறது. காசு கொடுத்து வாங்கிய வாயு செடிக்குப் போகாமல் சிப்பியைத் தின்பதோடு, கேஹெச்சையும் நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டே போகிறது. போடப்போகும் கல்லையோ மணலையோ ஒரு கிண்ணத்தில் வைத்து நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது தொட்டிக்கு ஆகாது. கழுவிய ஆற்று மணலும் கருங்கல் ஜல்லியும் நுரைப்பதில்லை. பவளப்பாறைத் துண்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: அது நுரைக்கும், அதோடு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அதை எடுப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

நீரை மென்மையாக்க மருந்து எதுவும் வேண்டியதில்லை. கேன் தண்ணீரில், அதாவது ஆர்.ஓ. நீரில், கேஹெச் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அதில் மூன்று பங்குக்கு எங்கள் கிணற்று நீர் ஒரு பங்கு கலந்தால் கேஹெச் 4-க்கு வந்துவிடுகிறது. கிணற்று நீரில் உள்ள உப்பும் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது, செடிகளுக்கு இது கேஹெச் குறைவதைவிடப் பெரிய நிம்மதி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் இருப்பவர்கள் அதை அளந்து பார்த்துப் பயன்படுத்தலாம், ஆனால் குளோரினை நீக்காமல் ஊற்றக்கூடாது. வெயில் காலத்தில் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாகக் கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றுங்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பும் கடினத்தன்மையும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. கிணற்று நீரால் ஈடுகட்டிக்கொண்டே போனால் சில மாதங்களில் தொட்டி நீர் கிணற்றையே மிஞ்சிவிடும்.

அளப்பதற்கு நான் நம்புவது டிராப் செக்கர் என்ற சிறு கண்ணாடிக் குமிழைத்தான். வாய் கீழ்நோக்கி இருக்குமாறு தொட்டிக்குள் ஒட்டிவைக்கும் இந்தக் குமிழுக்குள் கேஹெச் 4 என்று துல்லியமாகத் தயாரித்த கரைசலும், அதில் சில சொட்டு புரோமோதைமால் புளூ என்ற சாயமும் இருக்கும். கரைசலுக்கும் தொட்டி நீருக்கும் நடுவே கொஞ்சம் காற்று அடைபட்டு நிற்பதால் இரண்டும் கலப்பதில்லை. வாயு மட்டும் அந்தக் காற்றைக் கடந்து உள்ளே போகிறது. காலையில் பார்த்தால் சாயம் மயில்கழுத்து நீலமாக இருக்கும். வாயுவைத் திறந்து ஒரு மணி நேரம் கழிந்தும் நீலம் அசையாது. பிறகு விளிம்பில் பச்சை தட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வாழைக் குருத்தின் இளம்பச்சைக்கு வந்து நிற்கும்போது 30 மில்லிகிராம் அளவில் இருக்கிறோம் என்று பொருள். மஞ்சளாகிவிட்டால் மிகுதி. நிறம் மாற ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆவதால், இது காட்டுவது சற்று முன்பு இருந்த நிலையைத்தான் என்பதை மறக்கக்கூடாது. கரைசல் தீர்ந்துவிட்டது என்று தொட்டி நீரையே குமிழில் ஊற்றிச் சாயம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் கடின நீரில் அந்தப் பச்சைக்கு மேலே சொன்ன 120 என்று பொருள்.

ஒரு நொடிக்கு இத்தனை குமிழி என்ற கணக்கு பரவலாக இருக்கிறது. குமிழியின் பருமன் குழாய்க்குக் குழாய் மாறுவதால், நேற்று வைத்த அளவே இன்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு மட்டும் அது உதவும்.

வாயுவை உண்டாக்கும் வழிகளில் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து பாட்டிலில் புளிக்கவைப்பது மலிவானது. 200 கிராம் சர்க்கரை முழுவதும் புளித்தால் 100 கிராம் அளவுக்கு வாயு கிடைக்கும். ஆனால் 33, 34 டிகிரி வெப்பத்தில் ஈஸ்ட் அடங்கி இருப்பதில்லை. முதல் சில நாட்களில் பொங்கி வழிந்துவிட்டுப் பிறகு படுத்துவிடும். இரவில் நிறுத்தவும் முடியாது. நம் ஊருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிட்ரிக் அமிலமும் ஆப்பசோடாவும் தனித்தனி பாட்டிலில் வைத்துச் சேர்க்கும் முறை எவ்வளவோ மேல், ஏனெனில் அதில் வால்வை மூடினால் வாயு நிற்கிறது. இரண்டையும் 200 கிராம் வீதம் போடச் சொல்கிறார்கள். வேதியியல் கணக்குப்படி 200 கிராம் ஆப்பசோடாவுக்கு 152 கிராம் அமிலமே போதும், அதிலிருந்து 105 கிராம் வாயு வரும், மீதி அமிலம் வீண். அழுத்தம் காட்டும் முள்ளும் பாதுகாப்பு வால்வும் உள்ள மூடியாகப் பார்த்து வாங்குங்கள். பாட்டில், குளிர்பானம் அடைத்து வந்த கெட்டியான பாட்டிலாக இருக்க வேண்டும். குடிநீர் பாட்டில் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

நூறு லிட்டரைத் தாண்டிய தொட்டிக்குச் சிலிண்டர்தான் சரி. அதை எங்கே நிரப்புவது என்பது சிற்றூர்க்காரர்களின் நிரந்தரக் கேள்வி. தீயணைப்புக் கருவிகளை நிரப்பித் தருகிறவர்களிடம் விசாரிக்கலாம். கோலி சோடா போடுகிறவர்களும் இதே வாயுவைத்தான் வாங்குகிறார்கள். கீழக்கரையில் சோடா போடும் காக்கா (அண்ணன்) ஒருவர் எனக்குச் சொன்ன யோசனையைவிடச் சுருக்கமாக எந்தக் கையேடும் சொல்லவில்லை: "முள்ளைப் பார்த்து வாங்காதீங்க தம்பி, தராசுல வச்சு வாங்குங்க." சிலிண்டருக்குள் வாயு திரவமாக இருக்கும்வரை, நிறைய இருந்தாலும் கொஞ்சம் இருந்தாலும் அழுத்தமானி ஒரே அளவைத்தான் காட்டும், அந்த அளவைத் தீர்மானிப்பது வெப்பம் மட்டுமே. 20 டிகிரியில் அது 57 பார், 30 டிகிரியில் 72 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழக் காற்று மண்டல அழுத்தம்). சிலிண்டரின் தோளில் வெற்று எடை பொறித்திருக்கும்; மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் இருக்கும் வாயு தெரிந்துவிடும்.

இங்கேதான் நம் வெயில் குறுக்கே வருகிறது. கரியமில வாயுவுக்கு 31 டிகிரி ஓர் எல்லை. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக நிற்காது. சிலிண்டர் முழுவதையும் ஒரே அடர்வாயுவாக நிரப்பிக்கொள்ளும். சித்திரை, வைகாசி மதியத்தில் ஓட்டு வீட்டு அறை எளிதாக 35-ஐத் தாண்டுகிறது. அப்போது அழுத்தமானியின் முள் 80, 90 என்று ஏறுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. முறையாக நிரப்பிய சிலிண்டர் அதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆபத்து, அளவுக்கு மீறி நிரப்பிய சிலிண்டரில் இருக்கிறது. ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு மூன்றில் இரண்டு பங்குக் கிலோ என்ற அளவைத் தாண்டி நிரப்பினால், வெப்பத்தில் விரிய இடமில்லாமல் அழுத்தம் செங்குத்தாக ஏறி, பாதுகாப்புத் தகடு கிழிந்து மொத்த வாயுவும் வெளியேறும். மூடிய சிறு அறையில் அது மூச்சைத் திணறடிக்கும். கூடுதலாகக் கொஞ்சம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சிலிண்டரை வெயில் படாத இடத்தில், அடுப்புக்குத் தொலைவில், நிமிர்த்திக் கட்டிவையுங்கள். படுக்கவைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும். ஒப்புதல் முத்திரையும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய அழுத்தச் சோதனையின் தேதியும் இல்லாத பழைய சிலிண்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சிலிண்டர் தீரும் தறுவாயில் வேறொரு தொல்லை காத்திருக்கிறது. உள்ளே அழுத்தம் விழத் தொடங்கியதும், அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைக்கட்ட ரெகுலேட்டரில் வெளியேறும் அழுத்தம் அதற்கு நேர்மாறாக உயர்கிறது. வாயுவின் அளவை நுணுக்கமாகத் திருத்தும் நீடில் வால்வு அதே திறப்பில் இருக்க, மிச்ச வாயு முழுவதும் ஒரே இரவில் தொட்டிக்குள் இறங்கிவிடலாம். இரட்டைக்கட்ட ரெகுலேட்டருக்கு விலை கூடுதல். அதை வாங்க முடியாதவர்கள் எடையைப் பார்த்து முன்கூட்டியே மாற்றிவிட்டால் போதும்.

உப்புக்காற்று செய்யும் வேலையைக் கையேடு எழுதியவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கொண்டல் வீசும் மாதங்களில் எங்கள் வீட்டுச் சன்னல் கம்பியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். அதே ஈரம் ரெகுலேட்டரின் பித்தளை மரைகளில் உட்கார்ந்து, முதலில் மங்கலாக்கி, பிறகு மரையின் பள்ளங்களில் பச்சைக் களிம்பாகத் திரள்கிறது. மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வின் இரும்பு உறையில் துரு மிளகு தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக எழும்புகிறது. களிம்பு ஏறிய மரையை இறுக்கினால் இறுகியதுபோலத் தோன்றினாலும் வாயு கசியும். நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காயத் துடைத்துவிடுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்ப்பதும் அப்போதே நடந்துவிடுகிறது. கடலைப் பார்த்த சன்னலருகே சிலிண்டர் வேண்டாம்.

இனி மீனின் மூச்சு. கரியமில வாயு உள்ளே போனால் ஆக்சிஜன் வெளியே போய்விடும் என்று நம்புகிறவர்கள் பலர். அப்படி இல்லை, இரண்டும் தனித்தனியாகவே கரைகின்றன. மீனுக்கு வரும் சிக்கல் வேறு. நீரில் கரியமில வாயு மிகும்போது மீனின் இரத்தத்திலும் அது மிகுந்து, ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் இரத்தத்தின் திறனைக் குறைத்துவிடுகிறது. வெப்பம் இதை இன்னும் கடுமையாக்குகிறது. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடுகிறது, மீனின் தேவையோ வெப்பத்தோடு கூடுகிறது. ஆகவே நம் தொட்டிகளில் 30 மில்லிகிராம் வாயுவைக் குறிவைப்பதே பேராசை என்பது என் கருத்து. 15 முதல் 20 மில்லிகிராமில் நிறுத்திக்கொண்டால் செடியும் நன்றாக வளர்கிறது, மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதில்லை. நீர்ப்பரப்பு லேசாக அலையாடும்படி வடிகட்டியின் வாயைத் திருப்பிவையுங்கள். கொஞ்சம் வாயு வீணாகத்தான் செய்யும், போகட்டும்.

விளக்கு எரிவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு வாயுவைத் திறந்து, விளக்கை அணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிட வேண்டும். இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுவதால் இரவில் வாயு விடுவதில் பொருளில்லை. மின்வெட்டைப் பற்றிய கவலைக்குச் சோலனாய்டு வால்வே பதில்: மின்சாரம் போனால் அது தானாக மூடிக்கொள்ளும். ஆனால் மின்சாரம் போனால் வடிகட்டியும் நிற்கும் என்பதால், மின்கலத்தில் ஓடும் சிறு காற்று பம்பு ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. வாயுவை நுண்குமிழிகளாக நீரில் விடும் டிஃப்யூசருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில், ஒரே திசையில் மட்டும் வழிவிடும் செக் வால்வு இல்லாவிட்டால், வாயு நின்ற நேரத்தில் தொட்டி நீர் குழாய்வழியே பின்னேறி ரெகுலேட்டருக்குள் போய்விடும்.

வாயுவைவிடச் சிலர் விளக்கில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். வெளிச்சம் கூடினால் செடியின் கார்பன் பசியும் கூடும். அதை ஈடுகட்ட முடியாத தொட்டியில் கண்ணாடியிலும் இலை விளிம்பிலும் பாசிதான் படரும். வாயு ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் குறைந்தும் வந்தால், கருந்தாடிபோல இலை விளிம்பைப் பற்றிக்கொள்ளும் பாசி வரும். அது வந்தபின் இலையை வெட்டி எறிவதைத் தவிர எளிய வழி கிடையாது. முதலில் ஆறு மணி நேர வெளிச்சம் போதும். ஒவ்வொரு நாளும் வால்வை ஒரு மயிரிழை திறந்து, மறுநாள் வரை மீன்களைப் பார்த்துவிட்டுப் பிறகு அடுத்த திருகு. நல்ல அளவுக்கு வந்துவிட்டால் பிற்பகலில் இலையின் அடிப்புறத்தில் மணி மணியாக ஆக்சிஜன் கோத்து நிற்பதையும், ஒடித்த தண்டின் முனையிலிருந்து ஊசி நூல்போல இடைவிடாமல் மேலேறுவதையும் பார்க்கலாம்.

விலை கொடுத்து வாங்கும் செடிகளோடு நம் ஊருணிக் கரைச் செடிகளையும் முயன்று பார்க்கலாம். ஆரைக்கீரை நீருக்குள் இறங்கியதும் நாலு இலையை விட்டுவிட்டுச் சிறு இலைகளாகத் தரையில் படர்கிறது. நீர்ப்பிரமி, மீன்தொட்டிக்காரர்கள் பக்கோபா என்று விலைக்கு வாங்கும் அதே இனம். லேசான உப்பு நீரையும் தாங்கும் என்பதால் நம் கிணற்று நீருக்கு அதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியவில்லை. வாயு இல்லாமலும் இரண்டும் பிழைக்கும். வாயு கொடுத்தால் கணுவிடைவெளி சுருங்கி அடர்த்தியாக வரும். குளத்திலிருந்து எடுத்த செடியை நத்தை முட்டை போக அலசி, தனி வாளியில் சில நாள் வைத்திருந்துவிட்டுத்தான் தொட்டியில் நட வேண்டும்.

கத்திரி வெயில் நாட்களில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தாண்டினால் நான் வெளிச்சத்தை ஐந்து மணி நேரமாகக் குறைத்து, வாயுவையும் பாதியாக்கிவிடுகிறேன். சிறு விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்குகிறது, அதன் அலையாட்டத்தில் வாயு கொஞ்சம் பறிபோகிறது என்பதற்காக வால்வைக் கூட்டுவதில்லை. 34-ஐத் தொட்டுவிட்டால் மழை வந்து குளிரும்வரை சிலிண்டரின் தலை வால்வையே மூடிவைத்துவிடுவது நல்லது. ஒரு மாதம் செடி மெலிந்தாலும் ஆடி கழிந்தபின் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும்.